பொருந்தாத குரல்

அத்தியாயம் 11

போன வாரம் டிக்கெட்டம்மாவை எப்படி விட்டுவிட்டு வந்தோமோ, அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறாள். காதில் போன், கையில் பேனா, எதிரே ஒரு துண்டுக் காகிதம். அந்தக் காகிதத்தில் ஒரு எண் எழுதியாக வேண்டும். இன்னும் ஒரு புள்ளிகூட விழவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவப் போன அவள் புருஷன் டிரைவிங் மாஸ்டர் போன இடத்திலேயே சாய்ந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. வலது காலும் கையும் பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் போனது போனதுதான். முப்பது வருஷம் தெருத்தெருவாகக் கத்தி ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷனிடம் இப்போது இருப்பது ஒரே ஒரு வார்த்தை. "மெதுவா."

பசித்தால் மெதுவா. வலித்தால் மெதுவா. ஜன்னலைத் திறக்கச் சொல்வதற்கும் மெதுவா, மூடச் சொல்வதற்கும் அதே மெதுவா. வாழ்க்கையில் அதிகமாகச் சொன்ன வார்த்தை ஏதோ ஒரு மூலையில் தப்பிக் கிடக்கும் என்று டாக்டர் விளக்கினார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் மாஸ்டர் சொன்ன வார்த்தை அது.

பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது. திங்கட்கிழமை சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி தருகிற ஒப்புதல் எண் இன்று, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. இவருக்கு இன்னும் நாலு மாசம் கழித்து. முதல் மூன்று மாசத்தில் திரும்புகிற பேச்சுதான் பேச்சு, அதற்கப்புறம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். இதில் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

காலை பத்து மணிக்கு அந்தக் கம்பெனிக்குப் போன் போட ஆரம்பித்தாள். தமிழுக்கு ஒன்று. பழைய வாடிக்கையாளருக்கு மூன்று. ஒப்புதலுக்கு இரண்டு. போனில் பேசுகிற பதிவு செய்த குரலுக்கு மெஷின்காரி என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். மெஷின்காரிக்குக் கோபம் வராது, சலிப்பு வராது, தொண்டையும் கட்டாது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று இருபது தடவை சொல்லிவிட்டு இருபத்தியோராவது தடவை லைனைத் துண்டித்துவிடுவாள். அவ்வளவு முக்கியம்.

"இவளுக்கு யாராவது ஒரு வாய் தண்ணி குடுங்கப்பா" என்று டிக்கெட்டம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஒரு பக்கமாகச் சிரித்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் சிரிக்க வருகிறது.

டீ போட்டு எடுத்து வந்து வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சரி என்று திரும்பினால், இடது கையை டம்ளருக்கு நீட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று மையத்தில் பரிசோதித்த அம்மாள் இதைத்தான் சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டுவதை நம்பாதீர்கள், ஆமாம் என்பதற்கு இல்லை என்று ஆட்டுவார், மனசு ஒன்று நினைக்கும் தலை வேறொன்றைச் செய்யும், கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். டிக்கெட்டம்மா டம்ளரை அந்தக் கையில் கொடுத்தாள். சூடு ஆறும் வரை அடியில் தன் கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு மெஷின்காரி முதல் தடவையாகப் புதிதாக ஒன்று சொன்னாள்.

"உறுப்பினர் தனது முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் தன் குரலில் சொல்லவும். பதிவு செய்யப்பட்ட குரலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்படும்."

உறுப்பினர் மாஸ்டர்தான். வேறு யார்? என்ன செய்வதென்று தெரியாமல், யோசிக்கவும் நேரமில்லாமல், டிக்கெட்டம்மா போனைக் கொண்டுபோய் அவர் வாயருகே பிடித்தாள். பேரைச் சொல்லுங்க, உங்க பேரை மட்டும் சொல்லுங்க என்று குழந்தைக்குச் சொல்வதைப்போலச் சொன்னாள். எங்காவது ஒரு அதிசயம் நடந்துவிடாதா என்ற நப்பாசைதான்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதட்டைக் குவித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. தன் பெயர் என்னவென்று அவருக்குத் தெரியும், அது கண்ணில் தெரிந்தது.

"மெதுவா" என்றார்.

"மன்னிக்கவும். உங்கள் குரல் பொருந்தவில்லை" என்றாள் மெஷின்காரி.

புரியாத மாதிரி இருந்திருந்தால்கூடத் தேவலை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, கேட்டது எல்லாம் புரிகிறது. போனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டீ டம்ளர் மடியில் சாய்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. டிக்கெட்டம்மா வேட்டியைத் துடைத்துவிட்டாள். துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டே அழுதாள். அவர் நான்தான் என்று சொல்ல வந்தார், நீ இல்லை என்று ஒரு மெஷின் சொல்லிவிட்டது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன கேடு வரவேண்டும்?

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ஒரு நிஜப் பெண் கிடைத்தாள். நாற்பது நிமிஷம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு. டிக்கெட்டம்மா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, குரல் பொருந்தாமல் தன்னால் அவர் கணக்கின் பக்கத்தையே திறக்க முடியாது, டாக்டர் கடிதத்தோடு படிவம் அனுப்பினால் பத்து வேலை நாளில் மாற்றிக் கொடுப்பார்கள் என்றாள். பத்து நாள் கழித்து அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டிக்கெட்டம்மா கத்தவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சினிமா தியேட்டரின் டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள் அவள். ஹவுஸ்ஃபுல் போர்டைத் தூக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தையோடு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இல்லாத டிக்கெட்டை எங்கிருந்து கொடுப்பது? அந்தப் பேர்தான் ஒட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் முதல் பால் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் டிக்கெட்டம்மா ஆனாள்.

"நானும் உன் பக்கம் உக்காந்திருந்தவதாம்மா. உன்மேல கோவம் இல்ல" என்றாள்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் குரலைச் சொல்லிப் பார்க்கலாம். ஒன்று போய்விட்டது. மூன்றாவதும் தவறினால் நாளை வரைக்கும் பூட்டிக்கொள்ளும். பார்த்துச் செய்யுங்கம்மா என்றாள். தன்னால் கொடுக்க முடிந்ததை அவள் கொடுத்தாள் என்று டிக்கெட்டம்மாவுக்குப் புரிந்தது.

மகள் பாப்பா மூன்று மணிக்கு வந்தாள். பேர்தான் பாப்பா, வயது இருபத்துநாலு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிற வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் போனைத் தோண்ட ஆரம்பித்தாள். அப்பா அனுப்பிய பழைய குரல் செய்திகளில் ஒன்றில் அவர் பேரும் பிறந்த தேதியும் இருக்க வேண்டும், ஏதோ ஒரு படிவம் நிரப்பச் சொல்லி இரண்டு வருஷத்துக்கு முன்னால் அனுப்பினார் என்றாள்.

தேடும்போது ஒவ்வொன்றாக ஓடியது. வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா. மழை வருது, மெதுவா வா. அம்மா போனை எடுக்க மாட்டேங்கிறா, நீ போய்ப் பாரு. மாஸ்டர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சிநேகிதன் வாசலில் நின்று பேசுவதைக் கேட்பதைப்போலத் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பாவால் தாங்க முடியவில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அங்கேதான் அது கிடைத்தது. "பாப்பா, எழுதிக்க" என்று ஆரம்பித்து, பேரைச் சொல்லி, பிறந்த நாள், மாசம், வருஷம் எல்லாம் கணீரென்று சொல்லி, கடைசியில் "மெதுவா எழுது, அடிச்சு எழுதாத" என்று முடிகிற செய்தி.

மறுபடி ஒன்று, மூன்று, இரண்டு. மெஷின்காரி கேட்டதும் பாப்பா தன் போனை அம்மா போனோடு ஒட்டிவைத்து அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டாள். உடம்பில் ஒரு குறையும் இல்லாத காலத்து மாஸ்டர், தெளிவாக, தன் பெயரைச் சொன்னார்.

"மன்னிக்கவும். உங்கள் குரல் பொருந்தவில்லை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனுக்குள் போன் வைத்தால் அப்படித்தான் என்று பாப்பா சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவளுக்கே நம்பிக்கை இல்லை. அச்சு அசல் அவர் குரல் அது. நல்லா இருந்த காலத்துக் குரலே பொருந்தவில்லை என்றால்?

டிக்கெட்டம்மா பேனாவைக் கீழே வைத்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் குரலைப் பதிவு செய்த காலை அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம். மாஸ்டர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து போன். பேரையும் பிறந்த தேதியையும் மூன்று தடவை சொல்லுங்கள், உங்கள் குரலைப் பதிவு செய்துகொள்கிறோம் என்று அன்றைக்கும் ஒரு மெஷின்காரி. மெஷினோடெல்லாம் நான் பேச மாட்டேன் என்றார் மாஸ்டர். பக்கத்தில் மூத்த பிள்ளை, பெரியவன், நின்றிருந்தான். நீ பேசுடா, நம்ம ரெண்டு பேருக்கும் குரல் ஒண்ணுதானே என்று போனை அவன் கையில் திணித்துவிட்டார்.

உண்மையும் அதுதான். இரண்டு பேரில் யார் போனை எடுத்தாலும் எல்லோரும் ஆள் மாறிப் பேசுவார்கள். மாஸ்டர் என்று நினைத்து அவனிடம் வணக்கம் சொல்வார்கள், அவன் என்று நினைத்து அவரிடம் கிண்டல் பேசுவார்கள். அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, அப்பா மாதிரியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்று தடவையும் அப்பா பேரைச் சொன்னான். வீடே சிரித்தது. மாஸ்டர் சிரித்ததில் கன்னத்தில் பிளேடு கீறிவிட்டது.

மனுஷக் காது ஏமாந்தது. மெஷின் ஏமாறவில்லை. அதைப் பொறுத்தவரை மாஸ்டர் என்றால் பெரியவன்தான்.

பெரியவன் எட்டு மாசமாக இந்த வீட்டில் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே சொன்னதுதான். அவனும் அப்பாவோடு கார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஒரு நாள் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்க, அவன் வண்டியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் மெதுவா, மெதுவா என்று தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. பின்னால் சிரித்தார்கள். அவன் வண்டியை ஓரம் கட்டினான். இருபத்தேழு வயசு ஆனாலும் என் காலை நீங்க நம்பப் போறதில்ல என்று சாவியைச் சீட்டில் போட்டுவிட்டு நடந்தான். வீட்டுக்கு வந்து துணியை எடுத்துக்கொண்டு கிளம்பியவனைப் பார்த்து மாஸ்டர் சொன்னார், இனிமே உன் குரலே இந்த வீட்டுல கேக்கக்கூடாது என்று. சொன்னது கோபத்தில். ஆனால் இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சு.

"அண்ணனைக் கூப்பிடலாம்மா" என்றாள் பாப்பா.

டிக்கெட்டம்மா முடியாது என்றாள். மாஸ்டர் ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றைக்கே கேட்டுவிட்டாள். பெரியவனை வரச் சொல்லட்டுமா என்று. அவர் தலையை வேகமாக ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று. படுத்த படுக்கையாகக் கிடந்தும் கோபம் குறையவில்லையே என்று அவள் அன்றைக்குத் தனியாக அழுதாள். ஆனாலும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டாள். பாப்பாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்த ஐந்து வாரமும் அவனுக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

பாப்பா அம்மாவையே பார்த்தாள்.

"டீக்கும் வேண்டாம்னுதானேம்மா தலையாட்டறார்" என்றாள்.

டிக்கெட்டம்மா அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் கை என்ன செய்தது என்று யோசித்துப் பார்த்தாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. சொல்லாதே என்று இழுக்கிறார் என்று அவள் நினைத்தாள். ஐயோ, ஐந்து வாரம். ஒவ்வொரு தடவை வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதும் அந்த மனுஷன் திரும்பிப் பார்த்தது எல்லாம் இதற்குத்தானா?

பெரியவன் வேறு ஊரில் ஒரு பெரிய கிடங்கில் சரக்குப் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறான். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நாலரைக்கு டீ இடைவேளை, இருபத்தைந்து நிமிஷம் போன் கையில் இருக்கும். இதெல்லாம் பாப்பாவுக்குத் தெரியும், வாரம் ஒரு தடவை பேசுகிறவள் அவள்தான். டிக்கெட்டம்மா எட்டு மாசமாகப் பேசவில்லை. புருஷன் சொன்னதற்காகப் பேசவில்லை. பெற்றவள் செய்கிற காரியமா அது என்று அவளை நீங்கள் கேட்க வேண்டாம், அவளே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

நாலு முப்பத்திரண்டு. தன் போனிலிருந்தே கூப்பிட்டாள்.

எடுத்தவன், என்னம்மா என்றான். அந்த ஒரு சொல்லில் கேட்டது மாஸ்டர் குரல். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது, பேச்சு போய்விட்டது என்று. ஆனால் சொன்னால் இவன் உடைந்துபோவான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், அழுதால் குரல் ஒரு மணி நேரத்துக்குக் கம்மிக்கொண்டே இருக்கும். கம்மிய குரலை மெஷின் ஏற்காது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தடவை.

முதலில் எண் வரட்டும், உடனே சொல்லிவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அன்றைக்கு அப்பாவுக்காகப் போனில் பேசினாயே, அதை இன்னொரு தடவை பேச வேண்டும், அவசரம் என்று மட்டும் சொன்னாள்.

"ஏன், இன்னும் மெஷின்கிட்ட பேச மாட்டாராமா?" என்று கேட்டான்.

"ம்" என்றாள் டிக்கெட்டம்மா.

அந்த ஒரு எழுத்தை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

பாப்பா இரண்டு அழைப்பையும் சேர்த்துவிட்டாள். ஒன்று, மூன்று, இரண்டு. வரிசையில் நிற்க வைத்து மெஷின்காரி பாட்டைப் போட்டாள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பிள்ளை, நடுவில் காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்த அதே பாட்டு. ஆறு நிமிஷம். எட்டு மாசப் பேச்சு இரண்டு பேர் நெஞ்சிலும் குவிந்து கிடந்தது.

"சாப்டியா?" என்று அவள் கேட்டாள்.

"ஆச்சு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

பரவாயில்லை என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் வந்துவிடும். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பாட்டு நின்றது. எண்ணை எழுதிக்கொள்வதற்காகப் பாப்பா ஸ்பீக்கரைப் போட்டாள். ஜன்னலோரம் மாஸ்டர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

மெஷின்காரி கேட்டாள். பெரியவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அப்பாவின் முழுப் பெயரைச் சொன்னான். பிறந்த நாள், மாசம், வருஷம், ஒரு இடத்தில்கூடத் தயங்காமல் சொன்னான். கோபித்துக்கொண்டு போனவனுக்கு அது அத்தனையும் அப்படியே நினைவிருந்தது.

"நன்றி. உங்கள் குரல் சரிபார்க்கப்பட்டது."

டிக்கெட்டம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மெஷின்காரி எண்ணைப் படிக்கப் படிக்கப் பாப்பா எழுதினாள். இரண்டாம் தடவை படித்ததும் சரிபார்த்தாள். எழுதிய காகிதத்தோடு தன் போனில் மையத்தைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். நாலு ஐம்பத்தொன்று. மெஷின்காரி இனிய நாளாக அமைய வாழ்த்திவிட்டு விலகிக்கொண்டாள். லைனில் பெரியவன் மட்டும் இருந்தான்.

இப்போது சொல்லலாம். இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். டிக்கெட்டம்மா மூச்சை இழுத்தாள்.

"மெதுவா" என்று ஒரு குரல் கேட்டது.

மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்து, கண்ணில் நீர் வழிய நின்றிருந்தார். பிள்ளையின் குரலில் தன் பெயரைக் கேட்ட மனுஷன், இருந்த சொத்தையெல்லாம் எடுத்துக் கொட்டினார்.

"மெதுவா... மெதுவா... மெதுவா!"

பேச்சு போனாலும் அந்த வார்த்தை மட்டும் பழைய மாதிரி கணீரென்றுதான் வரும். பயிற்சிக் காருக்குள் ஒலித்த அதே அதட்டல்.

டிக்கெட்டம்மா போனை எடுக்கப் பாய்ந்தாள். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"இப்பவும் இதேதானாம்மா? சரி. வேலை முடிஞ்சதுல்ல. வெச்சிடறேன்."

வைத்துவிட்டான்.

அவள் கூப்பிட்டாள். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அடிக்கவே இல்லை. இடைவேளை முடிந்து போன் பெட்டிக்குள் போய்விட்டதா, இல்லை அவனே அணைத்துவிட்டானா என்று யாருக்குத் தெரியும்? வேறொரு மெஷின்காரி வந்தாள். நீங்கள் அழைத்தவர் தற்போது தொடர்பில் இல்லை, மணி ஒலித்ததும் உங்கள் செய்தியைச் சொல்லவும் என்றாள்.

மணி ஒலித்தது. மாஸ்டர் சுவரைப் பிடித்துப் பிடித்து அவளருகே வந்து நின்றார்.

"உங்கப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான்டா மிச்சம்" என்றாள் டிக்கெட்டம்மா. "அஞ்சு வாரமாச்சு. வேற எதுவும் வரல. பேரைச் சொல்லச் சொன்னாலும் அதுதான். உன்னைக் கூப்பிடறதுக்கும் அதுதான். நான்தான்டா உனக்குச் சொல்லல. என்னைத் திட்டு. அவரைத் தப்பா நினைக்காத."

போனை மாஸ்டர் வாயருகே கொண்டுபோனாள். அவர் ரொம்ப நேரம் முயன்றார். உதடு என்னென்னவோ வடிவம் எடுத்தது. கடைசியில் வந்தது அதுதான். ஆனால் இந்தத் தடவை அதட்டலாக வரவில்லை. தூங்குகிற குழந்தையின் தலைமாட்டில் சொல்வதைப்போலச் சொன்னார்.

செய்தியை அனுப்ப ஒன்று, அழிக்க இரண்டு என்றாள் மெஷின்காரி. டிக்கெட்டம்மா ஒன்றை அழுத்தினாள்.

வாசலிலிருந்து பாப்பா ஓடிவந்தாள். மையத்தில் எண்ணைப் பதிவு செய்துகொண்டார்கள், திங்கட்கிழமை ஒன்பது மணி என்றாள்.

டிக்கெட்டம்மா மாஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்தாள். முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டாள். பெரியவனை வரச் சொல்லட்டுமா என்று.

அவர் தலை வேகமாக ஆடியது. இல்லை, இல்லை, இல்லை என்று.

அவள் தலையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். அவளிடமிருந்து வாங்கிய போனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தது அது. பாப்பா மெல்ல வாங்கப் பார்த்தாள், அவர் கொடுக்கவில்லை. மணி ஐந்தடித்தது. போன் இன்னும் அடிக்கவில்லை.